ஒரே அட்டவணை, ஒன்பது பிள்ளைகள்: டர்பன் நீச்சல் கழகம் ஒன்றின் இரண்டு பருவங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்பன் நகரின் வடபுறத்தில் உள்ள ஒரு சிறிய நீச்சல் கழகத்தில் அடுத்தடுத்த இரண்டு கோடைப் பருவங்களில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அக்கழகத்தில் நான் இரண்டாம் பயிற்சியாளராகப் பணியாற்றினேன். பருவ இறுதியில் நடக்கும் வயதுப்பிரிவுச் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்ற 9 பிள்ளைகளின் கடைசி வாரப் பயிற்சியை வகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது; ஆகவே இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை நான் எழுதிய அட்டவணையில் இருந்த தவறுகளே. பெற்றோரின் இசைவோடு இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர், பள்ளி, ஆண்டு ஆகியவற்றை விட்டுவிட்டேன்.

அந்த 9 பேரில் எழுவர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வயது 11 முதல் 17 வரை. மூவர் 11, 12 வயதுச் சிறுவர்கள். 13 வயதுப் பையன் ஒருவன் பட்டர்ஃப்ளை நீந்துபவன். 16 வயதினன் ஒருவன் 800, 1500 மீட்டர் போன்ற நெடுந்தூரங்களுக்கு உரியவன். 17 வயது இளைஞர் இருவர் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்காரர்கள். 15 வயதுப் பெண் ஒருத்தி தொடர் நீச்சலுக்காக (ரிலே) மட்டும் வந்தவள். ஒன்பதாமவள், இந்த ஆய்வின் பெரும்பகுதிக்கு உரியவள், ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்த 14 வயதுச் சிறுமி. அவளுடைய போட்டி 200 மீட்டர் மார்பு நீச்சல்.

தென்னாப்பிரிக்காவில் கோடை நீச்சல் பருவம் செப்டம்பரில் தொடங்கி மார்ச் அளவில் உச்சத்துக்கு வருகிறது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், முதல் தவணைத் தேர்வுகளும் அதே மார்ச்சில்தான் வருகின்றன. தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு நாட்கள் உண்டு. தைப்பூசம் கடும் பயிற்சி நடக்கும் வாரங்களிலும், பங்குனி உத்திரம் பல ஆண்டுகளில் போட்டியை ஒட்டியும் விழும். காவடிக்கும் பால்குடத்துக்கும் முன் 10 நாள் விரதம் இருப்பது இங்கே பல வீடுகளில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம்.

இந்தப் பிள்ளைகளின் தாத்தா, ஆயாக்களில் (பாட்டிகளில்) நீந்தத் தெரிந்தவர் அரிது. 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் குளங்களையும் கடற்கரைகளையும் இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. டர்பனின் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது 1989இல். சட்டம் நீக்கப்பட்டது 1990இல். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு போட்டிப் பருவம் எப்படி ஏறி இறங்கும் என்ற அனுபவம் அந்த வீடுகளின் பெரியவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. கழகத்தில் இருந்த எங்களுக்கோ அந்த வீடுகளின் நாட்காட்டியைக் கேட்டு அறியும் பழக்கம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தே பின்னால் வந்த குழப்பத்தை உண்டாக்கின.

முதல் பருவம்: எடுத்த முடிவும் அதன் காரணமும்

போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சிச் சுமையைத் திட்டமிட்டுக் குறைப்பதை நீச்சல்காரர்கள் டேப்பர் என்பார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு வடிந்து, அதே மாதங்களில் சேர்ந்த வலிமை மேலே வருவதற்கு இடம் கொடுப்பதே அதன் நோக்கம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தியவர்களை ஆராய்ந்தபோது, கடைசி 3 வாரங்களில் அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 2.2 விழுக்காடு முன்னேறியது தெரிந்தது. 3 நிமிடம் நீடிக்கும் ஒரு போட்டியில் அது கிட்டத்தட்ட 4 விநாடி. டர்பனில் பிறந்த சாட் லே க்ளோ 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்றது 0.05 விநாடியில் என்பதை எங்கள் குளத்தில் 11 வயதுப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்லும். 4 விநாடி என்றதும் பிள்ளைகள் மட்டுமல்லாமல் பெற்றோரும் கண்ணை அகல விரித்தார்கள். நானும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டேன். அது முதிர்ந்த, மிகுந்த தூரம் பயிற்சி செய்த, ஒலிம்பிக் தரத்தினரைப் பற்றிய எண் என்பதை அப்போது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு 9 பேருக்கும் ஒரே 3 வார டேப்பர் வகுத்தேன். வாரத் தூரம் முதல் வாரம் 75 விழுக்காடாகவும், இரண்டாம் வாரம் பாதியாகவும், மூன்றாம் வாரம் 30 விழுக்காடாகவும் இறங்கியது. 17 வயதினருக்கு வழக்கமான வாரத் தூரம் 38 கிலோமீட்டர். 14 வயதுச் சிறுமிக்கு 7 பயிற்சி வேளைகளில் 30 கிலோமீட்டர். சிறுவர்களுக்கு 4 வேளைகளில் 12 கிலோமீட்டர். எல்லோருக்கும் விகிதம் ஒன்றே. தூரத்தோடு வேளைகளையும் குறைத்தேன். வேகமான நீச்சலையும், ‘இனி உடம்பு ஓயட்டும்’ என்ற எண்ணத்தில், கடைசி 10 நாட்களில் ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினேன்.

இப்படிச் செய்ததற்கு அப்போது மூன்று காரணங்கள் இருந்தன. 17 வயது இளைஞர் இருவரும் முந்தைய ஆண்டு இதே போன்ற ஓய்வில் நன்றாக நீந்தியிருந்தார்கள். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தவை இரண்டு தடங்கள் மட்டுமே. அந்த இடத்தில் பல திட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது கடினம். மூன்றாவதாக, குறைத்த வேளைகள் யாவும் மாலை வேளைகளாக இருந்தால் குளத்தின் வாடகை மிச்சப்படும் என்பதால் மாலையை வெட்டிவிட்டுக் காலை 5 மணிப் பயிற்சியை அப்படியே வைத்தேன். இந்த மூன்றாம் முடிவை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிகக் கேடு செய்தது அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜனவரியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசியபோது, போட்டி முடியும் வரை விருந்தும் வேண்டாம், விரதமும் வேண்டாம் என்று நான் பொதுவாகச் சொல்லியிருந்தேன்.

கடைசி வாரங்களில் கவனித்தவை

சனிக்கிழமைகளில் மட்டும் 50 மீட்டர் குளத்தில் பயிற்சி நடக்கும். அன்று ஒவ்வொருவரும் 50 மீட்டரைக் குறித்த நேரத்தில் கடக்க எத்தனை இழுப்பு எடுக்கிறார்கள் என்று எண்ணிக் குறிப்பது என் வழக்கம். அந்தச் சிறுமிக்குப் பிப்ரவரி முழுவதும் 24 இழுப்பு. டேப்பரின் முதல் வார முடிவில் அது 26 ஆனது. இரண்டாம் வார முடிவில் 28. நேரம் அதேதான். அதாவது அதே வேகத்துக்கு அவள் நான்கு இழுப்பு கூடுதலாகச் செலவழித்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் பின் நீண்டு வழுக்கிச் செல்லும் அந்தச் சறுக்கல் குறுகிவிட்டது. நான் இதை எழுதி வைத்தேனே தவிர, பொருட்படுத்தவில்லை. களைப்பு வடியும்போது முதலில் உடம்பு மந்தமாக இருக்கும், பிறகு தெளியும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

நெடுந்தூர நீச்சல்காரனும் தன் கை தண்ணீரைப் பிடிக்கவில்லை என்று இருமுறை சொன்னான். சிறுவர் மூவருக்கும் பயிற்சி சலித்துப்போனது. குறைந்த தூரத்தில் மீந்த சக்தியைக் குளத்தைச் சுற்றி ஓடித் தீர்த்தார்கள். 17 வயதினர் இருவர் மட்டும் நாளுக்கு நாள் கூர்மையடைந்தார்கள். திட்டம் சரியென்று நினைக்க எனக்கு அவர்கள் போதுமாக இருந்தார்கள்.

கடைசி வாரத்தில் சிறுமியின் முகம் வெளிறியிருந்தது. தண்ணீரை விட்டு ஏறியதும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்; டர்பனின் மார்ச் மாதப் புழுக்கத்தில் அது இயல்பன்று. கேட்டபோது, தேர்வுக்குப் படிக்கிறேன், வேறொன்றுமில்லை என்றாள்.

போட்டி

போட்டி கிங்ஸ் பார்க் குளத்தில் புதன் முதல் ஞாயிறு வரை நடந்தது. 200 மீட்டர் மார்பு நீச்சல் வெள்ளிக்கிழமை. காலை 7.40க்கு அவளுடைய உடல் சூடேற்றும் நீச்சல் முடிந்தது. அவளுடைய ஹீட் (தகுதிச் சுற்று) தொடங்கியது 9.55க்கு. இடையிலிருந்த 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பொழுதை ஈர உடையோடு பார்வையாளர் படிக்கட்டில் கழித்தாள். அதில் கடைசி அரைமணி நேரம், தந்தை அந்த வாரம்தான் வாங்கித் தந்த புதிய பந்தய உடையை முதன்முறையாக அணியப் போராடுவதில் போனது. 2010 முதல் நெசவுத் துணியால் ஆன உடைகளுக்கு மட்டுமே அனுமதி என்றாலும், அவையும் உடம்பை இறுக்கிப் பிடிப்பவை. பழகாத விரல்களுக்கு அவற்றை மேலேற்றுவதே ஒரு வேலை.

டிசம்பரில் அவள் எடுத்த நேரம் 2 நிமிடம் 58.4 விநாடி. அன்று எடுத்தது 3 நிமிடம் 3.1 விநாடி. முதல் 100 மீட்டரை 1 நிமிடம் 25.6 விநாடியில் தாராளமாகவே கடந்தாள். இரண்டாம் 100 மீட்டருக்கு 1 நிமிடம் 37.5 விநாடி ஆயிற்று. 150 மீட்டர் திருப்பத்துக்குப் பின் அவள் தலை நீரிலிருந்து எழும் உயரத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. சுவரைத் தொட்டு ஏறியவள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள். ஒரு பிள்ளை தன் பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்ததே என் மனத்தில் இன்றும் நிற்கிறது.

மற்றவர்களில், 17 வயதினரில் ஒருவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 25.3 விநாடியிலிருந்து 24.7 விநாடிக்கு வந்தார். நெடுந்தூரப் பையன் இரண்டு போட்டிகளிலும் தன் சிறந்த நேரத்தை நெருங்கவில்லை. சிறுவர் மூவரும் சேர்ந்து நீந்திய 11 போட்டிகளில் 3இல் மட்டுமே சொந்தச் சிறந்த நேரம் கிடைத்தது. பட்டர்ஃப்ளை நீந்தும் பையனும் பின்தங்கினான். ஆனால் அவன் அந்த ஓராண்டில் 8 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான், நீண்ட கையோடு அவனுடைய பழைய தாளம் ஒத்துப்போகவில்லை. அவன் குறைந்ததற்கு டேப்பரைக் காரணம் சொல்ல முடியாது.

பிந்தைய விசாரிப்பு

ஏப்ரலில், தலைமைப் பயிற்சியாளரின் அறிவுரைப்படி, 9 வீடுகளுக்கும் நேரில் போனேன். சிறுமியின் வீட்டில் அவளுடைய ஆயா, தந்தை, தாய் மூவரும் இருந்தார்கள். இளையவர்களோடு ஆங்கிலத்தில் பேசினாலும் ஆயாவோடு தமிழிலேயே பேசினேன். அவர் டர்பன் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், எனக்குத் தேநீர் தந்துகொண்டே முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

“பிள்ளை விரதத்தில இருந்தது உனக்குத் தெரியாதா, அம்மா?”

எனக்குத் தெரியாது. போட்டி முடிந்த மறுநாள் பங்குனி உத்திரம். சிறுவயதில் கடுமையான நோயிலிருந்து அவள் பிழைத்ததற்காக ஐந்தாண்டு பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருந்தது. அது நான்காம் ஆண்டு. விரதம் போட்டிக்கு நான்கு நாள் முன் தொடங்கி, போட்டி முழுவதும் நீடித்திருக்கிறது. காலையில் பால், பகலில் பழம், இரவில் விளக்கேற்றிய பின் ஒரு வேளைச் சோறு. இதைக் கேட்டதும் ஆயாவே திகைத்தார். “கறி மீன் மட்டும் வேண்டாம்னுதான் நான் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்தினது அவளாத்தான்” என்றார். பெரியம்மாவும் மற்றப் பெண்களும் ஒரு வேளை உண்ணும்போது, தான் மட்டும் மூன்று வேளை உண்டால் அது விரதமாகுமா என்று சிறுமி எண்ணியிருக்கிறாள். என்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டபோது, ஜனவரியில் நான் சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

அந்த மாலை வீடு திரும்பும்போது, காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு வந்தது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து தேதிகளை ஒப்பிட்டபோது, இழுப்பின் எண்ணிக்கை 26 ஆனது விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு. 28 ஆனது விரதத்தின் முதல் நாளன்று காலை. ஆகவே விரதம் தொடங்கும் முன்பே அவள் நீச்சல் குலைந்திருந்தது. விரதம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டியிருந்தால், ஒரு குடும்பத்தின் நம்பிக்கைமீது பழியைப் போட்டுவிட்டு, என் அட்டவணையை அடுத்த ஆண்டும் அப்படியே பயன்படுத்தியிருப்பேன்.

தேதி வாரியாகப் பார்த்ததில் மூன்று இழைகள் பிரிந்து தெரிந்தன. முதலாவது, வேகமான நீச்சலை 10 நாள் நிறுத்தியது. தாங்கு திறன் விளையாட்டுகளில் டேப்பரைப் பற்றி வந்த ஆய்வுகளை 2007இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 2 வாரத்தில் தூரத்தை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி வேளைகளின் எண்ணிக்கையையும் குறைக்காமல் வைப்பதே அதிகப் பலன் தருவதாகத் தெரியவந்தது. நான் மூன்றையும் வெட்டியிருந்தேன். நெடுந்தூரம் நீந்தும் பையனும் மார்பு நீச்சல் பெண்ணும் தண்ணீரின் பிடிப்பை இழந்ததற்கும், 50 மீட்டர்காரர்கள் தப்பியதற்கும் இதுவே பொருந்தும் விளக்கம். வலிய தசைகளைக் கொண்ட, குறுந்தூரம் நீந்தும் மூத்தவர்களே நீண்ட ஓய்வால் பொதுவாகப் பயன் பெறுகிறார்கள்.

இரண்டாவது, தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தந்தை வேலைக்குப் போகும் வழியில் அவளைக் குளத்தில் இறக்கிவிட்டதால் அவள் எழுந்தது அதிகாலை 4 மணிக்கு. இரவு 10 மணிக்குப் படுத்தாள். டேப்பரில் நான் மாலைப் பயிற்சியை நிறுத்தியதும், கிடைத்த மாலை நேரம் முதல் தவணைத் தேர்வுக்குப் போனது. படுக்கும் நேரம் 11 ஆயிற்று. எழும் நேரம் மாறவில்லை. சுமையைக் குறைத்ததாக நான் நினைத்த வாரங்களில் அவள் தூக்கம் 6 மணியிலிருந்து 5 மணியாகக் குறைந்திருந்தது. மூன்றாவது, போட்டி நாட்களின் பட்டினி. முதல் 100 மீட்டர் சீராகப் போய் இரண்டாம் 100 மீட்டர் உடைந்ததில் அதற்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் அனுப்பி இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னோம். கவலைப்படும்படி எதுவும் இல்லை.

இரண்டாம் பருவம்: முடிவுகள்

செப்டம்பரில் பருவம் தொடங்கியதும் ஒரு நாட்காட்டியை எல்லா வீடுகளுக்கும் அனுப்பி, தேர்வு, திருமணம், விரதம், கோயில் திருவிழா, பயணம் யாவற்றையும் குறித்துத் தரச் சொன்னோம். விரதம் வேண்டாம் என்று சொன்னதற்காகப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தேன். அந்த ஆண்டு பங்குனி உத்திரம் 9 நாள் முன்னதாக வந்ததால், விரதம் போட்டிக்குச் சில நாள் முன்பு முடிந்து, டேப்பரோடு ஏறக்குறைய ஒன்றாக ஓடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சிறுமிக்கு இப்போது 15 வயது. அவளுக்கான டேப்பரை 12 நாளாகச் சுருக்கினேன். 30 கிலோமீட்டர் முதலில் 21 ஆகவும் பிறகு 15 ஆகவும் இறங்கியது. வேளைகள் 7லிருந்து 6 ஆயின. நீக்கியது காலை வேளை ஒன்றை. எஞ்சிய காலைப் பயிற்சிகளையும் தேர்வு வாரத்தில் மாலைக்கு மாற்றினோம். அதற்கான கூடுதல் தட வாடகையைக் கழகம் ஏற்றது. வேகத்தைக் காப்பதற்காக, இலக்கு நேரத்துக்கு உரிய 44 விநாடியில் 50 மீட்டரை 40 விநாடி இடைவெளியுடன் திரும்பத் திரும்ப நீந்தும் தொகுப்பைப் போட்டிக்கு நான்கு நாள் முன் வரை நிறுத்தவில்லை. எண்ணிக்கையை மட்டும் 16லிருந்து 8 ஆகவும் பிறகு 4 ஆகவும் குறைத்தேன். சனிக்கிழமை இழுப்பு எண்ணிக்கை 25ஐத் தாண்டினால் அன்றே திட்டத்தை மாற்றுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன்.

விரதத்தைப் பற்றி ஆயாவோடுதான் பேசி முடிவு செய்தோம். அது ஐந்தாம் ஆண்டு, வேண்டுதலின் நிறைவு. அதை ஒத்திப்போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் விரும்பவில்லை. புலால் இல்லாத உணவு தடையாகாது என்றும், நாள் முழுவதும் மூன்று, நான்கு மணிக்கொருமுறை அவள் உண்ண வேண்டும் என்றும் நான் சொன்னேன். மற்றதை ஆயா பார்த்துக்கொண்டார். காலைப் பயிற்சிக்கு முன் வாழைப்பழமும் பாலும், பள்ளிக்குச் சோறும் பருப்பும், மாலையில் அமாசி என்னும் உள்ளூர்த் தயிர், இரவில் பீன்ஸ் கறி. பெரியம்மாவையும் அழைத்து, பிள்ளையோடு உட்கார்ந்து மூன்று வேளையும் உண்ணும்படி ஆயா சொல்லிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சிறுமியின் தயக்கம் தீர்ந்தது என் விளக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். பெரியம்மா அவளோடு காலையில் உண்டதால் தீர்ந்தது.

மற்றவர்களுக்கு: 17, 18 வயதினருக்கு 3 வாரம் நீடித்தது, ஆனால் வேகம் குறையாமல். சிறுவர்களுக்கு டேப்பர் என்று ஒன்றை வைக்கவே இல்லை. குவியும் அளவுக்குக் களைப்பு அவர்களிடம் இல்லை. கடைசி 4 நாட்களில் மட்டும் தூரத்தைச் சற்றுக் குறைத்து, தாவல், திருப்பம், சுவர் தொடுதல் ஆகியவற்றுக்கு நேரம் தந்தோம். நெடுந்தூரப் பையனுக்கு 14 நாளும் பாதித் தூரமும். பிப்ரவரியில் மின்வெட்டால் நீரேற்றி நின்று இரண்டு நாள் குளம் மூடப்பட்டது. அந்த இரு நாட்களையும் தரைப் பயிற்சியால் ஈடுகட்டினோம்.

போட்டி நாளுக்கும் ஒழுங்கு வகுத்தோம். பந்தய உடையைப் பிப்ரவரியின் சிறு போட்டி ஒன்றிலேயே அணிந்து பழகினாள். நீரில் சூடேறியதும் உலர்ந்த உடைக்கு மாறி, போட்டிக்கு 20 நிமிடம் முன் தரையில் கைகால்களை அசைத்து மீண்டும் சூடேற்றிக்கொள்வது எல்லோருக்கும் விதி. சூடேற்றலுக்கும் போட்டிக்கும் இடையே 45 நிமிடம் சும்மா இருந்தாலே 200 மீட்டரில் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு இழப்பு நேரலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன; முந்தைய ஆண்டு அவள் உட்கார்ந்திருந்தது 2 மணி நேரத்துக்கு மேல்.

விளைவு

டேப்பரின் இரண்டு சனிக்கிழமைகளிலும் இழுப்பின் எண்ணிக்கை 24. தூக்கக் குறிப்பில் சராசரி 8 மணிக்குச் சற்றுக் குறைவு. பிப்ரவரியில் அவளது சிறந்த நேரம் 2 நிமிடம் 55.6 விநாடி; ஹீட்டில் 2 நிமிடம் 54.0 விநாடி, மாலை இறுதிப் போட்டியில் 2 நிமிடம் 52.3 விநாடி. ஐந்தாம் இடம். முதல் 100 மீட்டர் 1 நிமிடம் 22.8 விநாடி, இரண்டாவது 1 நிமிடம் 29.5 விநாடி. முந்தைய ஆண்டு 12 விநாடியாக இருந்த இடைவெளி 7 விநாடிக்குள் வந்தது. எனக்கு இறுதி நேரத்தைவிட இந்த இடைவெளியே முக்கியமாகத் தெரிகிறது.

இந்த முன்னேற்றம் முழுவதையும் டேப்பருக்கு உரித்தாக்குவது நேர்மையாகாது. ஓராண்டு பயிற்சியும் ஓராண்டு வளர்ச்சியும் அதில் உண்டு. பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே குறைந்த 3.3 விநாடியை மட்டுமே, அதாவது 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானதை, கடைசி வாரங்களின் பயன் என்று கொள்ளலாம். அதிலும் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு உணவால், எவ்வளவு வேக நீச்சலால் என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது, ஏனெனில் மூன்றையும் ஒரே ஆண்டில் மாற்றினோம்.

சிறுவர்கள் 12 போட்டிகளில் 9இல் சொந்தச் சிறந்த நேரம் எடுத்தார்கள். மூத்தவர் இருவரும் முன்னேறினர். நெடுந்தூரப் பையன் இரண்டாம் ஆண்டும் தேறவில்லை. 1500 மீட்டரில் 600க்குப் பின் அவன் வேகம் தளர்ந்தது, முகத்தில் களைப்பே இல்லாமல். பாதித் தூரம் என்பது அவனுக்கு அதிகக் குறைப்பு. முதல் ஆண்டு அவன் இருமுறை சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தும், ஆய்வின் சராசரியை அவன் சொல்லுக்கு மேலாக நான் வைத்தேன். பட்டர்ஃப்ளைப் பையன் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான். அவனுடைய ஏமாற்றத்துக்கு முன்னேற்பாடாக, வளரும் காலத்தில் நேரம் தேங்குவது இயல்பு என்று அவனிடமும் பெற்றோரிடமும் நான் செப்டம்பரிலேயே விளக்கியிருக்க வேண்டும். அவன் நடுப்பருவத்தில் இரு வாரம் பயிற்சிக்கு வராமல் இருந்த பிறகே அதைச் செய்தேன்.

அடுத்த பருவத்தில் மாற்றியவை

நெடுந்தூரப் பையனுக்கு 8 நாள் மட்டும், தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல், என்று தலைமைப் பயிற்சியாளரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வளர்ச்சியில் இருக்கும் பிள்ளைகளின் உயரத்தை மாதம் ஒருமுறை அளந்து குறிக்கிறோம். காலை வேளையை வெட்டுவதா மாலை வேளையை வெட்டுவதா என்பதைப் பெற்றோரிடம் கேட்காமல் இனி எழுதுவதில்லை. ஒரு வீட்டில் காலை 5 மணிப் பயிற்சிதான் தந்தையின் வாகனத்துக்கு ஒத்த ஒரே நேரம் என்பதால், அந்தப் பிள்ளைக்கு மாலையே வெட்டப்பட்டது, ஆனால் இரவு 8.30க்கு விளக்கணைப்பதாகத் தாய் ஒப்புக்கொண்ட பிறகு.

சிறுமியின் வேண்டுதல் நிறைவேறிவிட்டது. ஆனாலும் பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருப்பதைத் தொடரப் போவதாகச் சொல்லி, இந்த முறை நாட்காட்டியில் அவளே தேதியைக் குறித்துத் தந்தாள். இறுதிப் போட்டியில் மூன்றாம் 50 மீட்டரில் அவள் இழுப்பு 26க்கு ஏறியிருந்தது. இவ்வாண்டு செப்டம்பரிலிருந்து அந்த 50 மீட்டரில்தான் வேலை செய்கிறோம்.